ஒன்பது மணிக்கு வாசலில் இரண்டு பேர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஓர் ஆய்வகத்தில், பலரும் மாறி மாறிப் பயன்படுத்தும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப், பி.சி.ஆர். இயந்திரம், சென்ட்ரிஃபியூஜ் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆன்லைன் காலண்டர் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மைக்ராஸ்கோப் அறை வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். இருவர் கையிலும் செல் தட்டு. ஒருவர் இங்கேயே பிறந்து வளர்ந்த மாணவர். இன்னொருத்தி மதுரைப் பக்கத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்து பத்து நாள்கூட ஆகாத பெண். "அக்கா, ஒன்பது மணிக்கு நான்தான் போட்டிருக்கேன்" என்று லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அவள் திரையில் ஒன்பதுதான். என் திரையில் அதே பதிவு காலை ஐந்தரைக்கு இருந்தது.

அவள் காலண்டர் இன்னும் இந்திய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவைவிட நாம் மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். அவள் தட்டில் இருந்தவை சாயமேற்றிய உயிருள்ள செல்கள், அடுத்த காலி நேரம் வரை தாங்காது. மூன்று நாள் உழைப்பு வீணாகி அழுதுவிட்டாள். தவறு என் பக்கம்தான். கருவியை இயக்க ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்த நான், காலண்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ இங்கே வருகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். லேப்டாப் கடிகாரம் சரியான நேரம் காட்டினால் போதாது. கூகுள் காலண்டருக்கும் அவுட்லுக்குக்கும் தனித்தனியாக நேர மண்டல அமைப்பு இருக்கிறது. அதைத் திறந்து தென்னாப்பிரிக்க நேரத்துக்கு மாற்றுங்கள். தென்னாப்பிரிக்காவில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை முன்னே பின்னே நகர்த்தும் வழக்கம் இல்லை, அதனால் ஒரு தடவை மாற்றினால் போதும். லண்டனில் இருக்கும் கூட்டாளி வாராந்தரப் பதிவு போட்டிருந்தால் மட்டும் நம் பக்கம் அது மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னாலும் அக்டோபரில் ஒரு மணி நேரம் பின்னாலும் நகரும். அந்த மாதங்களில் ஒரு கண் வைத்திருங்கள்.

அப்புறம், எந்த மாதிரிக் காலண்டர் என்பதும் முக்கியம். சாதாரண ஜிமெயில் கணக்கில் 'மைக்ராஸ்கோப்' என்று ஒரு காலண்டர் தொடங்கி எல்லோரோடும் பகிர்ந்தால், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பதிவு செய்வதை அது தடுக்காது. திருத்தும் உரிமை உள்ள யாரும் அடுத்தவர் பதிவைத் தெரியாமல் இழுத்து நகர்த்திவிடலாம், அழித்தும் விடலாம். அழிந்தது சுமார் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்பது ஓர் ஆறுதல். நிறுவனக் கணக்கு இருந்தால், நிர்வாகியிடம் சொல்லிக் கருவியையே ஒரு 'வளமாக' (resource) பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்போது மோதும் பதிவைக் காலண்டரே மறுத்துவிடும். அவுட்லுக்கில் கருவிக்கென்று தனி அஞ்சல்பெட்டி உருவாக்கினாலும் இதே பலன்தான். அமைப்பை மாற்றாமல் விட்டால் 180 நாளுக்கு அப்பால் உள்ள பதிவையும், 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பதிவையும் அது ஏற்காது. நல்ல கட்டுப்பாடுதான், அப்படியே விடலாம்.

மருத்துவமனை மாதிரிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. பதிவின் தலைப்பில் நோயாளியின் பெயரை எழுதாதீர்கள். அந்தக் காலண்டரை எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ள போப்பியா (POPIA) என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. உங்கள் பெயரும் மாதிரி எண்ணும் போதும்.

இனி விளக்கு. எங்கள் மைக்ராஸ்கோப்பில் இருப்பது பாதரச விளக்கு. ஏற்றினால் குறைந்தது அரை மணி நேரம் எரியவிட வேண்டும். அணைத்தால் நன்றாக ஆறும்வரை மறுபடி ஏற்றக்கூடாது. ஆயுள் சுமார் 200 மணி நேரம், அதிலும் ஏற்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும். அதனால் வேலை முடித்துக் கிளம்புகிறவர் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த ஆள் இருந்தால் விளக்கை எரியவிட்டுப் போகலாம், இல்லையென்றால் அணைக்க வேண்டும். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, வெட்டு நேரங்களையும் அதே காலண்டரில் பதிவாகப் போட்டு வைத்தேன். இரண்டு மணி நேர வெட்டுக்கு இருபது நிமிடம் முன்னதாகவே கருவியை முறையாக நிறுத்த அதுதான் உதவியது.

ஒரு வருஷம் புனித வெள்ளிக்கு முந்தைய வியாழன். மாலை ஐந்தரைக்கு வேலை முடித்தவர் காலண்டரைப் பார்த்தார். ஆறு முதல் பத்து வரை ஒரு தம்பியின் பெயர் இருந்தது. சரி என்று விளக்கை விட்டுவிட்டுக் கிளம்பினார். அந்தத் தம்பியோ அந்த நேரம் டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் இருந்தான். புனித வெள்ளித் திருவிழாவுக்கு அவர்கள் குடும்பமே அங்கே போய்விடும். அவன் பதிவை எடுக்க மறந்துவிட்டான். வெள்ளி, சனி, ஞாயிறு, குடும்ப தினமான திங்கள் என்று நான்கு நாள் விடுமுறை. செவ்வாய் காலை எட்டு மணிக்கு நான் கதவைத் திறந்தபோது அறை அனலாகக் கொதித்தது. ஆறு மணியிலிருந்து கணக்குப் போட்டாலே 110 மணி நேரம் யாருமில்லாத அறையில் விளக்கு எரிந்திருக்கிறது.

அவனைத் திட்டவில்லை. காலண்டரை நம்பி விளக்கை விட்டுப் போனவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வராத ஒருவருடைய பதிவு வெறும் காலியிடமாக நிற்பதில்லை, அதைப் பார்த்து இன்னொருவர் ஏதோ செய்கிறார் என்பதை அன்றுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். முடிவுத் தேதி இல்லாத வாராந்தரப் பதிவுகளை அன்றே நிறுத்தினேன். படிப்பு முடித்து ஊருக்கே போய்விட்ட ஒருவர் பெயரில்கூடச் செவ்வாய்க்கிழமைகள் கிடந்தன. ஒவ்வொரு பதிவுக்கும் முந்தைய நாள் கைப்பேசியில் நினைவூட்டல் வரும்படி எல்லோரையும் அமைக்கச் சொன்னேன்.

கோயில் வாரத்துக்கு நினைவூட்டல் போதாது என்று தோன்றியதால், புதன்கிழமையே அந்த விடுமுறைப் பதிவுகளைப் பார்த்து ஒவ்வொருவரையும் நேரில் கேட்டுவிடுகிறேன். போன தடவை ஏழு பேரில் நான்கு பேர், "வரமாட்டோம் அக்கா, எடுத்துடுங்க" என்றார்கள்.