ஃபோபியாவிடம் சிக்காத பெண்

அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனமான டிசி காமிக்ஸில் ஃபோபியா என்றொரு வில்லி உண்டு. 1981 டிசம்பர் தேதியிட்ட ‘தி நியூ டீன் டைட்டன்ஸ்’ 14ஆவது இதழில் மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரெஸும் அவளை அறிமுகப்படுத்தினார்கள். துப்பாக்கி கிடையாது, நெருப்பைக் கக்க மாட்டாள். எதிரியின் மனதுக்குள் புகுந்து, அவன் எதற்கு அதிகம் பயப்படுவானோ அதையே அவன் கண்முன் நிறுத்திவிடுவாள். நம் வீட்டுப் பாத்திரத்தை எடுத்து நம்மிடமே விற்பதுபோல. வில்லத்தனத்தில் எனக்குப் பிடித்தது இந்தச் சிக்கனம்தான்.

சரி, இது நடக்குமா? முதலில் பயம் எப்படிக் கிளம்புகிறது என்று பார்த்துவிடலாம்.

இருட்டில் காலடியில் ஏதோ நெளிகிறது. துள்ளி விலகிய பிறகுதான், அது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் என்று தெரிகிறது. கண்ணிலிருந்து வந்த செய்தி மூளையில் இரண்டு வழிகளில் பிரிந்து போனதால் வந்த வினை இது. ஒன்று சுற்றுவழி: மூளையின் மேலுறை நிதானமாக ஆராய்ந்து ‘இது குழாய்’ என்று தீர்ப்புச் சொல்லும். இன்னொன்று குறுக்குவழி: அரைகுறைச் செய்தியோடு நேராக அமிக்டலாவுக்கு ஓடும். பாதாம்பருப்பு வடிவில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் பகுதி அது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இந்தக் குறுக்குவழியைப் பார்த்துச் சொன்னதுபோலவே இருக்கிறது. அமிக்டலா மணியடித்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது, குடலுக்குப் போகும் ரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது என்று நாம் சொல்வது உடலியல்படியும் அவ்வளவு தப்பில்லை.

இந்த இரு வழிகளைப் பிரபலப்படுத்திய நரம்பியல் விஞ்ஞானி ஜோசப் லெடூவே, அமிக்டலாவைப் ‘பயத்தின் இருப்பிடம்’ என்று எழுதுவதை ஏற்பதில்லை. அது உடலை உஷார்ப்படுத்துகிறது; ‘ஐயோ, பயமாயிருக்கிறதே’ என்ற உணர்வை மூளையின் மற்ற பகுதிகளும் சேர்ந்துதான் உருவாக்குகின்றன என்கிறார்.

ஃபோபியாவோ இத்தனையையும் தூரத்தில் நின்றபடி இயக்குகிறாள். அங்கேதான் இடிக்கிறது. மூளையின் மின்னோட்டம் தலைக்கு வெளியே உண்டாக்கும் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தில் பல கோடியில் ஒரு பங்குதான் தேறும். அதைச் சும்மா அளப்பதற்கே வெளிக் காந்தம் புகாத தனி அறை வேண்டும். சண்டைக்கு நடுவே படித்துவிட முடியாது.

தலைக்குள்ளேயே கையை வைத்தால் கதை வேறு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சுசுமு டொனெகாவாவின் ஆய்வகம் 2012இல் அதைச் செய்தது. ஒரு பெட்டியில் சுண்டெலியின் காலுக்கு மின்னதிர்ச்சி. அந்த நேரம் ஹிப்போகாம்பஸில் (நினைவுகளைப் பதியும் மூளைப் பகுதி) இயங்கிய நரம்பணுக்களில் மட்டும், ஒளிபட்டால் நரம்பணுவைத் தூண்டும் ஒரு பாசிப் புரதம் உருவாகும்படி மரபணு ஏற்பாடு. அப்புறம் எலியை வேறொரு பெட்டிக்கு மாற்றி, மூளைக்குள் செருகிய ஒளியிழை வழியே நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். அங்கே எந்த ஆபத்தும் இல்லை. ஆனாலும் எலி பயத்தில் அப்படியே உறைந்து நின்றது. மறு ஆண்டு இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒன்றுமே நடக்காத ஒரு பெட்டியின் நினைவை இன்னோர் இடத்தில் ஒளியால் எழுப்பி, அதே நேரம் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு அந்த அப்பாவிப் பெட்டிக்குள் விட்டபோதும் எலி உறைந்தது. ஃபோபியா இருக்கிற பயத்தைத்தான் தோண்டுவாள். இவர்கள் இல்லாததையும் நட்டுவிட்டார்கள்.

ஃபோபியாவிடம் அசையாத ஒருவர் இருந்திருக்க முடியுமா? அமெரிக்காவில் இருக்கிறார். ஆய்வுத்தாள்கள் அவரை எஸ்.எம். என்று மட்டும் குறிக்கின்றன. அர்பாக்-வீத்தே என்ற அரிய நோய் அவருடைய இரு அமிக்டலாக்களையும் அழித்துவிட்டது. பாம்பு பிடிக்காது என்று சொல்லிவந்தவர், செல்லப்பிராணிக் கடைக்கு அழைத்துப்போனதும் பாம்பைக் கையில் வாங்கி மூன்று நிமிடத்துக்கும் மேல் வைத்திருந்தார். பேய்வீடு ஒன்றில் பேய் வேடம் போட்டவரின் தலையை ஆர்வத்தில் குத்திப் பார்த்தார், பயந்தது பேய்தான்.

பேட்மேனின் எதிரி ஸ்கேர்குரோவுக்கு மனோசக்தி கிடையாது. 1941இல் அறிமுகமான இந்தப் பேராசிரியர், பின்னாளில் பயவாயுவைத் தூவத் தொடங்கினார். சிறுபிள்ளைத்தனமான ஐடியா என்றுதான் நினைத்திருந்தேன். 2013இல் வெளியான ஆய்வில், 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை எஸ்.எம். முகமூடி வழியே ஒரே ஒரு மூச்சு இழுத்தார். பதறிப்போய் முகமூடியைப் பிய்க்கப் பார்த்தார், உதவி கேட்டார். அதே நோயுள்ள இரட்டைச் சகோதரிகள் இருவரும் அப்படியே மிரண்டார்கள். பாம்பும் பேயும் கண் வழியாக வருபவை; அமிக்டலா இல்லையென்றால் மணி அடிக்காது. கரியமில வாயு ரத்தத்தின் அமிலத்தன்மையையே கூட்டி, மூச்சு முட்டுகிறது என்ற செய்தியை உள்ளுக்குள்ளிருந்தே எழுப்புகிறது. அதற்கு அமிக்டலாவின் தயவு தேவையில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, அமிக்டலா நல்ல நிலையில் இருந்த 12 பேருக்கும் அதே காற்றைக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் பீதியடைந்தவர்கள் 3 பேர்தான். மணியடிக்கும் அதே பாதாம்பருப்பு, இந்த மாதிரி பீதியைப் பிடித்தும் வைக்கிறதோ என்று ஆய்வாளர்கள் யோசிக்க ஆரம்பித்தது அங்கிருந்துதான்.