டேங்கர் கவிழ்ந்தால் போலீஸ்காரர் எங்கே நிற்க வேண்டும்?

மணலி விரைவுச் சாலையில் ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ரோந்து போலீஸ்தான். டிரைவரைத் தூக்க ஓடச் சொல்லும் மனசு. ஆனால் முதல் பாடமே வேறு: தள்ளி நில், கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்து, ஒரு கண்ணை மூடிப் பார். லாரி விரலுக்குப் பின்னால் முழுசாக மறையவில்லை என்றால் இன்னும் பின்னால் போ. பத்து மீட்டர் நீள லாரிக்கு இது ஏறக்குறைய 300 மீட்டர் வரும்.

அங்கிருந்தே பைனாகுலரிலோ, முடிந்தால் செல்போன் கேமரா ஜூமிலோ, லாரியின் எச்சரிக்கைப் பலகையைப் படிக்க வேண்டும். அதிலுள்ள நான்கு இலக்க எண் உலகம் முழுக்க ஒன்றுதான்: 1203 பெட்ரோல், 1005 அம்மோனியா, 1017 குளோரின். பெட்ரோல் லாரியில் கூடவே ‘3 ஒய் இ’ என்றும் இருக்கும். 3 என்றால் நுரை அடிக்க வேண்டும்; ஒய் என்றால் மூச்சுக்கருவி இல்லாமல் போகாதே, கால்வாயில் கலக்க விடாதே; இ என்றால் சுற்றியுள்ளவர்களை வெளியேற்ற யோசி. மூன்றே எழுத்தில் இவ்வளவு சேதி. வாக்கி டாக்கியில் அதை அப்படியே வாசித்தால் தீயணைப்புத் துறை சரியான சாமானோடு கிளம்பும்.

அப்புறம் காற்று. சென்னையில் பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து ஊருக்குள் வரும். விடியற்காலையில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும். மார்கழியில் வாடை அடித்தால் கணக்கு மறுபடி மாறும். மதியம் சரியாக வைத்த பேரிகேட், நள்ளிரவில் தப்பான பக்கத்தில் நிற்கும். காற்று வரும் பக்கம்தான் போலீஸ் நிற்க வேண்டிய பக்கம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து மூச்சுத் திணறி எழுந்து ஓடினார்கள். அம்மோனியா காற்றைவிட லேசானதுதானே, மேலே போய்விடாதா? திரவமாக அடைத்து வைத்தது வெளியே வரும்போது கடுங்குளிராக வரும். நம் ஊர் ஈரக்காற்றில் பட்டால் வெண்புகையாகித் தரையோடு ஊரும். ஆனாலும் மூக்கு எச்சரித்துவிடும். தண்ணீரில் சட்டென்று கரையும் என்பதால் ஈரத்துணியும் ஓரளவு கை கொடுக்கும்.

கதிர்வீச்சுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. வாசனை இல்லை, புகை இல்லை. பயப்பட வேண்டிய இடமும் அணு உலையைவிடக் காயலான் கடை என்பது என் எண்ணம். 2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததைப் பாருங்கள். ஒரு பல்கலைக்கழகம் பழைய கருவியை ஏலம் விட்டது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் இருந்தது. கடைக்காரர்கள் உடைத்தார்கள், ஒருவர் உயிரிழந்தார், பலருக்குக் கதிர்வீச்சுப் பாதிப்பு. நம் புதுப்பேட்டையில் ஈயக் கவசத்தோடு, கைக்கு அடங்காத கனத்தில், கதிர்வீச்சைக் குறிக்கும் மூன்று இதழ் முத்திரை போட்ட ஒரு டப்பா வந்தால் அதை எடை போடாமல் 112க்கு போன் செய்வது நல்லது.

அங்கே போலீஸுக்கு உதவுவது பள்ளிக்கூடக் கணக்கு. தூரம் இரட்டிப்பானால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகும். உடம்பில் படும் கதிர்வீச்சை மைக்ரோசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். ஒரு மீட்டரில் மணிக்கு 9,000 மைக்ரோசீவர்ட் தரும் துண்டு, 30 மீட்டரில் 10 மைக்ரோசீவர்ட்தான் தரும். மணிக்கு 100 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டும் இடம்வரை கயிறு கட்டி அடைக்க வேண்டிய உள்வளையம். கதிர்வீச்சை அளக்கும் கருவியான அளவி கையில் இல்லாதபோது, கவசமில்லாத கதிரியக்கப் பொருளுக்கு முதலில் 30 மீட்டர் சுற்றிக் கயிறு கட்டு என்பது சர்வதேச வழக்கம். கல்பாக்கத்திலிருந்து அணுசக்தித் துறை ஆட்கள் 70 கிலோமீட்டர் தாண்டி வர வேண்டும். அதுவரை அந்தக் கயிறு போலீஸ் பொறுப்பு.

உள்ளே ஒருவர் அடிபட்டுக் கிடந்தால்? தூக்கி வரலாம், தூக்கித்தான் ஆக வேண்டும். எக்ஸ்-ரே எடுத்தவரைத் தொட்டால் நமக்கு ஒட்டாதது போல, கதிர் பட்டவரிடமிருந்து கதிர் ஒட்டாது. ஒட்டுவது கதிரியக்கத் தூசி. மேல் சட்டையைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டினாலே பெரும்பகுதி போய்விடும். கயிற்றைத் தாண்டி வெளியே வரும் எல்லாருக்கும் அளவி வைப்பார்கள், இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் அடிப்பாகம் உட்பட.

சில சமயம் ஒன்றுமில்லாத இடத்திலும் அளவி கத்தும். கூட்டத்தில் ஒருவரைத் தாண்டும்போது மட்டும் சத்தம் கூடினால், அனுபவசாலி போலீஸ்காரர் அவரை ஓரமாக அழைத்து மெதுவாகக் கேட்பார்: “ஐயா, இன்னைக்கு நேத்து ஆஸ்பத்திரியில ஊசி போட்டு ஸ்கேன் எதுவும் எடுத்தீங்களா?” எலும்பு ஸ்கேனுக்கு ஊசியில் போடும் டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்து ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ரசீதைக் காட்டினால் வீட்டுக்குப் போகலாம்.