கரையின் முதுகுப் பக்கம்

நகரி பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்குள் தமிழ், ரேஷன் கார்டில் தெலுங்கு. ஏரிக்கும் அப்படித்தான். நாங்கள் ஏரி என்போம், ஆபீஸ் காகிதத்தில் அது செருவு. ஐம்பது ஏக்கர், கரை உயரம் நாலு மீட்டர் இருக்கும். ஒரு ஐப்பசியில், ஏரி முக்கால்வாசி நிரம்பியிருந்தபோது, காலை ஆறரை மணிக்கு மாமாவோடு கரைமேல் நடந்து போனேன். ஊரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது. மாமா மட்டும் தண்ணீருக்கு முதுகைக் காட்டியபடி, கரையின் பின்பக்கச் சரிவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். மதகிலிருந்து பத்தடி தள்ளி, கரையடியில் ஒரு தாம்பாளம் அளவுக்கு ஈரம்.

"மாமா, கசியுதே!"

"ஏரின்னா கசியத்தான்டா செய்யும். தண்ணி என்ன நெறம்னு பாரு."

கையில் காலியாக ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. சின்னதாகக் குழி பறித்து, ஊறி வந்த தண்ணீரை அதில் பிடித்து, கரைமேல் கொண்டுபோய் அசையாமல் வைத்தோம். கால் மணி நேரம் கழித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தோம். அடியில் ஒன்றும் படியவில்லை. மாமா ஈரத்தின் ஓரத்தில் ஒரு வேலிக்காத்தான் குச்சியைக் குத்தி வைத்தார். அணைப் பொறியாளர்கள் கருவிகளை வைத்துச் செய்யும் கசிவுச் சோதனையின் சாரம் இதுதான்: அளவு கூடுகிறதா, கலங்கி வருகிறதா?

மண்கரையைச் சுவர் என்று நினைத்தால் குழப்பம். அது மிக மெதுவாகத் தண்ணீர் விடும் வடிகட்டி. கரையைக் குறுக்கே வெட்டிப் பார்க்க முடிந்தால் உள்ளே ஓர் ஈரக்கோடு தெரியும். ஏரியின் நீர்மட்டத்தில் தொடங்கி, சரிந்துகொண்டே வந்து, பின்பக்க அடியில் முடியும். அடியில் முடிந்தால் கவலையில்லை. வண்டித் தடத்துக்காகவோ மண்ணுக்காகவோ கரையைச் சுரண்டி மெலிய வைத்துவிட்டால், அந்தக் கோடு சரிவின் நடு வயிற்றிலேயே வெளியே வந்துவிடும். அங்கே மண் ஊறி, கனத்து, சரியும்.

கலங்கல் தண்ணீர் ஏன் ஆபத்து? மணல் தண்ணீருக்குள் இருக்கும்போது அதன் எடை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்து, அதே இடத்தை அடைக்கும் தண்ணீரின் எடைக்குச் சமமாக வந்துவிடுகிறது. ஏரியில் மூன்று மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். அது கரைக்கடியில் ஊர்ந்து வரும் பாதையும் மூன்று மீட்டருக்குக் கிட்டத்தில் சுருங்கினால், வெளியேறும் இடத்தில் மணல் எடையற்றதுபோல மிதக்கத் தொடங்கும். நடைமுறையில் பாதை இதைவிடப் பல மடங்கு நீளமாக இருக்க வேண்டும். மிதக்கும் மணலைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும், அங்கே ஒரு சிறு பொந்து விழும். பொந்து விழுந்ததும் பாதை இன்னும் குட்டை, இழுப்பு இன்னும் வேகம். பொந்து கரையின் பின்பக்கத்தில் பிறந்து, ஏரியை நோக்கி உள்ளே வளரும். அது தண்ணீரைத் தொடும் நாளில் கரை உடையும். அதனால்தான் தண்ணீர்ப் பக்கம் எல்லாம் அழகாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இந்த வேலைக்கு மதகோரம்தான் பிடித்த இடம். கல்லும் மண்ணும் ஒருபோதும் ஒட்டிக்கொள்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி தண்ணீருக்கு ராஜபாட்டை. பெருச்சாளி வளை, நண்டு வளை, வெட்டிய மரத்தின் மக்கிப்போன வேர் ஆகியவையும் பாதையைக் குறுக்கும். மரத்தை வெட்டியவுடன் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது, வேர் மக்க நாலைந்து வருடம் ஆகும். பனைமரம் வேறு. அதன் வேர் நாராகப் பரவி மண்ணைப் பிடிக்கும், பழைய கரைகளில் அது நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. சீமைக் கருவேலத்தின் மேல் எனக்குள்ள பெரிய கோபம் வேரைப் பற்றியதுகூட இல்லை. அது மூடியிருக்கும் கரையில் யாரும் எதையும் பார்க்க முடியாது.

புற்று விஷயம் இன்னும் சங்கடம். கரைமேல் கரையான் புற்று இருந்தால் உள்ளே நீண்ட பொந்துகள் இருக்கும், இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஆனால் எங்கள் கரையில் உள்ள புற்றுக்கு வெள்ளிக்கிழமை மஞ்சள், குங்குமம், பால். அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. சரி, குறைந்தபட்சம் பால் ஊற்றப் போகிறவர்கள் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம் என்று மாமா ஏற்பாடு செய்துவிட்டார். வாரம் ஒருமுறை ஆய்வு நடக்கிறது!

கசிவு கலங்கி, மணலைக் குமிழ் குமிழாகத் தள்ளினால் ஊரில் உடனே களிமண்ணை அள்ளிவந்து அடைக்கப் பார்ப்பார்கள். கூடாது. பின்பக்கத்தில் வாயை அடைத்தால் தண்ணீர் பக்கத்திலேயே வேறொரு வாயைத் திறக்கும். குமிழைச் சுற்றி மணல்மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்க விட வேண்டும். உள்ளே ஏறுகிற ஒவ்வொரு அடியும் ஏரிக்கும் வெளிக்கும் உள்ள மட்ட வித்தியாசத்தைக் குறைக்கும், இழுப்பு தளரும். தண்ணீர் தெளிந்து வரும் அளவுக்கு ஏறினால் போதும். அப்புறம் மணலும் அதன்மேல் ஜல்லியும் போட்டால் தண்ணீர் போகும், மண் தங்கும். பயத்தில் மதகு எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்து ஏரியைச் சடாரென்று இறக்குவதும் ஆபத்து. ஊறிக் கனத்த முன்பக்கச் சரிவை அதுவரை தாங்கிக்கொண்டிருந்தது அந்தத் தண்ணீர்தான்.

இனி கோடி. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கல்கட்டு. சிலர் கலங்கல் என்பார்கள், தெலுங்கில் அலுகு. மண்கரை ஏரிகள் உடைவதற்குக் கசிவைப் போலவே பெரிய காரணம், கோடி போதாமல் தண்ணீர் கரைமேல் ஏறி வழிவது. புல் இல்லாத மண்ணில் வழியும் தண்ணீர் பின்பக்க அடியைப் பறித்து, படிப்படியாக மேலே அரித்து வரும்.

எங்கள் கோடியின் நீளம் 20 மீட்டர். கோடித் தளத்துக்கும் கரை உச்சிக்கும் உயர வித்தியாசம் 1 மீட்டர். அகலத் தளமுள்ள கோடிக்குப் பொதுவான கணக்கு: வழியும் ஆழத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, நீளத்தால் பெருக்கி, 1.7 ஆல் பெருக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழம் வழிந்தால் வினாடிக்கு 34 கன மீட்டர். அதுதான் கரை தாங்கும் எல்லை, அதற்கு மேல் தண்ணீர் கரைமேல் ஏறும்.

வரத்து எவ்வளவு? எங்கள் ஏரிக்கு நீர்பிடிப்பு 5 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சென்னை மாகாணக் காலத்திலிருந்து பயன்படும் ரைவ்ஸ் வாய்பாட்டில், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய பகுதிக்கான எண்ணைப் போட்டால் வெள்ளம் வினாடிக்கு 25 கன மீட்டர் சுமார் வரும். குன்று ஒட்டிய பகுதி என்று எடுத்தால் 29. கோடியால் 34 முடியும். பழைய ஆட்கள் கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது மார்கழிப் பயிருக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கோடியில் மணல்மூட்டை அடுக்கி ஓர் அடி உயர்த்துகிறார்கள். ஓர் அடிதானே? வழியும் ஆழம் 1 மீட்டரிலிருந்து 70 சென்டிமீட்டராகும். அதே கணக்கைப் போடுங்கள்: வினாடிக்கு 20 கன மீட்டர்தான். ஆழத்தில் முப்பது சதவீதம் போனால் திறனில் நாற்பது சதவீதம் போய்விட்டது. 25 வருகிற இடத்தில் 20 தான் போகும். ஏரியில் தேங்குவது கொஞ்ச நேரம் சமாளிக்கும், பிறகு கரைதான் கோடி. மீன் குத்தகைக்காரர்கள் மீன் ஓடாமல் இருக்கக் கோடியில் வலை கட்டுவதும் இதே கதை. வெள்ளத்தில் வரும் சருகும் முள்ளும் வலையில் அப்பி, வலையே தடுப்புச்சுவர் ஆகிவிடும். ஆய்வுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது இந்த வலையைத்தான். சண்டை வருவதும் இதனால்தான்.

கோடி சரியாக இருந்தாலும் கரை உச்சி எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் கணக்கு பொய்த்துவிடும். டிராக்டர் ஏறி இறங்கும் இடத்தில் கரை அமுங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய ட்யூபின் ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையை மாமா பையன் பிடிக்க, பதினைந்து மீட்டருக்கு ஒரு முறை அளந்துகொண்டே போனோம். காற்றுக் குமிழ்கள் வந்துவிடக் கூடாதே என்று ட்யூபை இரண்டு முறை தட்டி, தரையில் சுண்ணாம்புப் புள்ளி வைத்து, நோட்டில் எழுதினோம். வண்டித் தடத்தில் 22 சென்டிமீட்டர் பள்ளம். அரை கிலோமீட்டர் கரைக்கும் உயரம் என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பள்ளத்தின் உயரம்தான். நாலு டிராக்டர் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, அடுக்கடுக்காக இடித்தோம்.

இவ்வளவையும் நாங்கள் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யச் சொல்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளோடு. நாலு மீட்டர் கரைக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன், 2021 நவம்பர் 19 காலை, கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றில் இருந்த அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துக்கொண்டு போனது. மேலே பிஞ்சா அணையில் கரை உடைந்து வந்த வெள்ளம், ஐந்து ஷட்டர்களில் ஒன்று திறக்காத நிலை, இரண்டும் சேர்ந்தன. அதே நாட்களில் திருப்பதி அருகே கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்லப்படும் ராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, கீழே உள்ள ஊர்களைக் காலி செய்தார்கள். அங்கே கரை நின்றது. மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரி தன் வெள்ளத்தோடு மேல் ஏரியின் கொள்ளளவையும் வாங்கிக்கொள்ள வேண்டும், சங்கிலியில் அதுதான் கொடுமை. எங்கள் ஏரியில் 15 மீட்டர் அகலத்துக்கு, மூன்று மீட்டர் ஆழத்துக்கு உடைப்பு விழுந்தால் அதே கணக்குப்படி வினாடிக்கு சுமார் 130 கன மீட்டர் வெளியே வரும். கோடியின் முழுத் திறனைப்போல் நான்கு மடங்கு. ஏரியில் மூன்று லட்சம் கன மீட்டர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் அநேகமாகக் காலி.

பெரிய அணைகளுக்கு அறிவிப்பாவது உண்டு. பிச்சாட்டூர் ஏரி 281 அடியை நெருங்கினால் ஆரணியாறு வழியாக ஊத்துக்கோட்டைக்கும், கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கொசஸ்தலை வழியாகப் பள்ளிப்பட்டுக்கும் எச்சரிக்கை போகும். எங்கள் கோடி போவதை யார் சொல்வது? கீழே இருக்கும் அடுத்த ஏரி தமிழ்நாட்டில், அந்த ஊரில் ஏரித் தண்ணீரைத் திறந்து பங்கிடும் நீர்க்கட்டிக்கு மாமா போன் போடுவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

போன சித்திரையில் ஏரி வற்றியிருந்தபோது, உட்கரையில் சரிந்த கற்களைப் பார்த்துவிட்டு, கோடியிலிருந்து அந்த ஏரி வரை காவாய் வழியே நடந்தோம். ஆபத்தின் அளவு கரையில் மட்டும் இல்லை, கரைக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. கரை ஓர் அங்குலம்கூட மாறாமல் ஊர் வளர்ந்தாலே ஆபத்து கூடிவிடும். முதல் அரை கிலோமீட்டர் காவாய் பத்து மீட்டர் அகலம், தாழம்புதர், தவளை. அதன் பிறகு மூன்று மீட்டராகச் சுருங்கியது. தார் ரோட்டைத் தாண்டியதும் காவாயைக் காணோம். சமன் செய்த செம்மண்ணில் வரிசையாக மனைக்கற்கள். மாமா நின்று, மேலே கோடியைத் திரும்பிப் பார்த்து, காலால் ஒரு கல்லைத் தட்டினார். மஞ்சள் பெயின்டில் 14 என்று எழுதியிருந்தது.