பொழுதுகாட்டி: சொல் விளக்கம்

வெயிலில் ஒரு கோலை நட்டு, அதன் நிழலைக் கொண்டு நேரம் அறியும் கருவியைச் சூரியக் கடிகாரம் என்றும் நிழற்கடிகாரம் என்றும் எழுதுகிறோம். 'பொழுதுகாட்டி' என்பதே அதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் என்பது என் முடிவு.

கடிகாரம் என்ற சொல்லில் இருப்பது வடமொழிக் கடிகை. கடிகை என்றால் சிறு குடம். அடியில் துளையிட்ட கலத்தை நீரில் மிதக்கவிட்டால், அது நிரம்பி மூழ்க 24 நிமிடம் ஆகும். அந்த நேரமே ஒரு கடிகை. நாழிகையும் அதே அளவுதான், நாழியும் முகக்கும் கலம்தான். முல்லைப்பாட்டில் வரும் 'குறுநீர்க் கன்னல்' இவ்வகை நீர்க்கருவியே. நிழலைப் பார்த்து அறியும் கருவிக்குக் குடத்தின் பெயர் எதற்கு?

பொழுது அப்படியில்லை. 'பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்' என்று காரைக்குடிப் பக்கத்து ஆச்சி பேரனிடம் சொன்னால், சாய்வது கதிரவன். 'பொழுது போகவில்லை' என்றால் போகாதது நேரம். கதிரவனையும் காலத்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழியில், வெயிலால் நேரம் சொல்லும் கருவிக்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

நடுவில் நிற்கும் கோலைச் சிற்பநூல்கள் சங்கு என்கின்றன. அதுவும் வடசொல்தான், ஊதும் சங்கோடு குழப்பமும் வரும். நெடுநல்வாடை 'இருகோல் குறிநிலை' என்கிறது: நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில், இரு கோல் நட்டுத் திசை அறிந்து, கயிறு பிடித்து அரண்மனைக்கு மனை வகுக்கிறார்கள். ஆகவே கோல் என்ற சொல்லே போதும்.

கருவியே இல்லாமல் நேரம் பார்க்கவும் ஒரு வழி இருந்தது. 'காட்டுத் துரும்பெடுத்துக் கண்டம் பதினாறாக்கி, நீட்டிக் கிடந்தது போக நின்றது நாழிகை' என்பது பழைய வாய்ப்பாடு. பதினாறு விரற்கடை (விரல் அகலம்) நீளமுள்ள துரும்பை எடுத்து ஓரிடத்தில் மடக்க வேண்டும். ஒரு பகுதி தரையில் கிடக்க, மற்றது நிமிர்ந்து நிற்கும். நிற்பதன் நிழல் கிடப்பதன் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை நகர்த்த வேண்டும். நிற்கும் பகுதி எட்டு விரற்கடை என்றால், காலையில் விடிந்து எட்டு நாழிகை. பிற்பகல் என்றால் பொழுது அடைய இன்னும் எட்டு நாழிகை. செட்டிநாட்டு வீட்டு வளவில், வானம் பார்த்த முற்றத்தில் வற்றல் காயும்போதே செய்து பார்த்துவிடலாம். மிக எளிய பொழுதுகாட்டி இதுதான்.

கல்லில் செதுக்கியதைக் காண விரும்புவோர் கும்பகோணம் அருகேயுள்ள திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயிலுக்குப் போகலாம். மதிலில் அரைவட்டமாக இருக்கிறது.

பொழுதுகாட்டி கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அதைக் குறை சொல்லக் கூடாது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. காரைக்குடி அதற்கு மேற்கே ஏறத்தாழ 78.8 பாகையில் இருக்கிறது. அதனால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12.15 மணிக்கே வரும். பிப்ரவரி நடுவில் அது 12.29 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 11.58க்கே வந்துவிடும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் வெயில் நேர் உச்சிக்கு வருவதால், அந்நேரம் செங்குத்தாக நட்ட கோலுக்கு நிழலே இராது.