ஃபேர் டெஸ்ட்: தமிழில் சமன்சோதனை

ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துச் செய்யும் சோதனையைப் பள்ளிகளில் ‘ஃபேர் டெஸ்ட்’ என்கிறார்கள். தமிழில் ‘நியாயமான சோதனை’ என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மயிலாப்பூரில் எங்கள் மொட்டைமாடியில் அண்ணன் பிள்ளைகள் இருவரும் வான்குடை செய்தார்கள். பிளாஸ்டிக் பை, நான்கு நூல், அடியில் ஓர் இரும்பு நட்டு. அக்கா பெரிய குடையைக் காலையில் விட்டாள். தம்பியின் சிறிய குடைக்குப் பிற்பகலில்தான் முறை வந்தது. அதற்குள் கடற்காற்று எழுந்துவிட்டது. குடை பக்கத்து மாடிவரை மிதந்து போனது. ‘சின்னதுதான் அதிக நேரம் பறக்கும்’ என்று நோட்டில் எழுதிவிட்டான். பிள்ளைகளுக்கு நியாயம் கிடைத்தது, குடைகளுக்குக் கிடைக்கவில்லை.

‘ஃபேர்’ பழைய ஆங்கிலத்தில் அழகைக் குறித்த சொல். ஒருபக்கம் சாயாமை என்ற பொருள் பின்னால் வந்தது. ‘டெஸ்ட்’ இன்னும் சுவையானது. இலத்தீனில் ‘டெஸ்டும்’ என்றால் மண்கலம். பொன்னையும் வெள்ளியையும் உருக்கித் தரம் பார்த்த கிண்ணத்தின் பெயரே பிறகு சோதனைக்கு ஆகிவந்தது.

நம் பொற்கொல்லரிடம் அந்த வேலையைச் செய்வது உரைகல். மாற்று, அதாவது பொன்னின் தரம், முன்பே தெரிந்த உரையாணி என்னும் ஊசியால் கல்லில் ஒரு கோடு, வந்த நகையால் அதன் பக்கத்திலேயே ஒரு கோடு. இரண்டின்மேலும் அமிலத்தைத் தொட்டு வைத்து நிறத்தை ஒப்பிடுவார். கல் ஒன்று, அமிலம் ஒன்று, பார்க்கும் கண்ணும் ஒன்று. பொன் மட்டுமே வேறு. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்கிறது குறள். எடை போடுமுன் தட்டுகள் சமமாக நிற்கவேண்டும். அந்த முன்வேலையைச் சொல்வதால் ‘சமன்சோதனை’ என்பதே பொருத்தம் என்பேன். ‘சமன்’ வடசொல் என்று சிலர் தள்ளக்கூடும். வள்ளுவர் ஆண்ட சொல் எனக்குப் போதும். உடன் கற்பிக்கவேண்டியவை பாடநூலில் உள்ள இரண்டு சொற்கள்: மாறுவது மாறி, மாறாதது மாறிலி.

மறுநாள் காற்று அடங்கியிருந்த காலை 7 மணிக்கே மாடிக்குப் போனோம். ஒரே உயரம், ஒரே நூல் நீளம், ஒரே நட்டு. ஒவ்வொரு குடையும் மூன்று முறை. மூன்று முறையும் பெரியதே மெதுவாக இறங்கியது.

“அத்தை, நூலையும் நீளமாக்கிப் பார்க்கலாமா?” என்றாள் அக்கா.

“அது நாளைக்கு. இன்றைக்கு அகலம்தான் மாறி” என்றான் தம்பி.