நீளம் பார்த்து லேத் வாங்காதீர்கள்

மாடல் நீராவி இன்ஜின் ஒன்றுக்காக, 160 மி.மீ விட்டமுள்ள வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை, அதாவது கனமான சுழல்சக்கரத்தை, என் சின்ன லேத்தில் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷினில்) மாட்டினேன். மேசை மேல் வைக்கிற, நாற்பது கிலோ மெஷின். நடுக்குடத்தைச் சக்கில், அதாவது பொருளைக் கவ்விச் சுழற்றும் பிடியில், பிடித்தாயிற்று, சக்கரம் கீழே இருக்கும் நீண்ட அடித்தளமான பெட்டில் இடிக்கவும் இல்லை. ஆனால் விளிம்பில் வெட்டும் டூல் பட்டதும் கிறீச்சென்று கத்தியது. வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் அழுத்தினால் மோட்டார் நின்றுவிட்டது. டூலை எடுத்துப் பார்த்தேன், முனை மழுங்கியிருந்தது. பெரிய லேத் வாங்கியே ஆகவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எதை வைத்துப் 'பெரிய' என்று சொல்வது என்று புரிய மேலும் ஆறு மாதம் ஆனது.

முதலில் அந்த ஃப்ளைவீலுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். வார்ப்பிரும்பை ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலால் கடையும்போது, டூலைக் கடந்து உலோகம் நிமிடத்துக்கு சுமார் 20 மீட்டர் ஓடினால் போதும். 160 மி.மீ சக்கரத்தின் சுற்றளவு அரை மீட்டர். அப்படியானால் சக் நிமிடத்துக்கு 40 சுற்றுதான் சுற்ற வேண்டும். என் மெஷினில் குறைந்தபட்ச வேகமே 100. இரண்டரை மடங்கு வேகத்தில் வெட்டினால் முனை வெந்துபோகாமல் என்ன செய்யும்?

மோட்டார் நின்றதற்குக் காரணம் வேறு. மின்னணு முறையில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரின் முறுக்குவிசை கூடுவதில்லை. வேகம் பாதியானால் திறனும் பாதியாகிவிடும். ஆனால் பெரிய விட்டத்தைக் கடையும்போதுதான் முறுக்குவிசை அதிகம் தேவை. பழைய லேத்துகளில் இருக்கிற பேக் கியர் இந்தச் சிக்கலைத்தான் தீர்க்கிறது. மோட்டார் தன் முழு வேகத்திலேயே ஓடும். பல்சக்கரங்கள், சக்கைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலின் வேகத்தை ஆறில் ஒன்றாகக் குறைத்தால், முறுக்குவிசை ஏறக்குறைய ஆறு மடங்காகும். சைக்கிளில் மேடு ஏறும்போது கியர் மாற்றுவது மாதிரி. வாங்கப்போகும் லேத்தில் பேக் கியரோ, 40, 50 சுற்றுக்கு இறங்கும் கியர் பாக்ஸோ இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

சரி, கத்தல் ஏன் வந்தது? இதுதான் விஷயத்தின் மையம்.

டூல் உலோகத்தைத் தள்ளுகிறது, உலோகம் டூலைத் திருப்பித் தள்ளுகிறது. மைல்டு ஸ்டீலில் 1 மி.மீ ஆழம், சுற்றுக்கு 0.1 மி.மீ நகர்வு என்று சாதாரணமாக வெட்டினாலே சுமார் 200 நியூட்டன், அதாவது இருபது கிலோ எடை அழுத்துகிற அளவுக்கு விசை வரும். அந்த விசை டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட், அதைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு, இவற்றைச் சுமந்து பெட் மேல் நகரும் கேரேஜ், பெட், ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக், ஸ்பிண்டில், சக் என்று சுற்றிக்கொண்டு ஜாப்புக்கே, அதாவது கடைகிற பொருளுக்கே, வந்து சேர்கிறது. இந்த வளையத்தில் எது வளைந்தாலும் டூல் விலகும்.

எவ்வளவு வளையும் என்பதற்கு ஒரு கணக்கு போடலாம். 10 மி.மீ ஸ்டீல் கம்பியைச் சக்கிலிருந்து 100 மி.மீ வெளியே நீட்டி, முனையில் 100 நியூட்டன் கொடுத்தால் கம்பி 0.34 மி.மீ வளையும். அதே நீளத்தில் கம்பி 20 மி.மீ என்றால்? வெறும் 0.02 மி.மீ. தடிமன் இரண்டு மடங்கு, வளைவு பதினாறில் ஒன்று! தடிமனின் நான்காம் மடி விறைப்பைத் தீர்மானிக்கிறது. நீளமோ அதன் மூன்றாம் மடியில் நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஜாப்புக்கு மட்டுமல்ல, ஸ்பிண்டிலுக்கும் இதே விதிதான். பெட்டுக்கும் குறுக்குவெட்டு பெருக்கப் பெருக்க விறைப்பு பல மடங்காக ஏறும். லேத்தில் எடை என்பது வீண் சுமை அல்ல, விறைப்புக்குக் கொடுக்கிற விலை.

விறைப்பு போதாவிட்டால் டூல் அதிர்ந்து, ஜாப் மேல் அலை அலையாகத் தடம் விடும். அடுத்த சுற்றில் டூல் அந்த அலை மேலேயே ஏறி இறங்கும். வெட்டின் ஆழம் கூடிக் குறைய, அதிர்வு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். நாம் கேட்கிற கிறீச்சல் இதுதான். வேகத்தைச் சற்று மாற்றினால் பழைய அலையும் புது அலையும் ஒத்துப்போகாமல் சத்தம் அடங்குவதும் உண்டு. பெட்டை வார்ப்பிரும்பில் செய்வதற்கும் இது ஒரு காரணம். அதற்குள் செதில் செதிலாக இருக்கும் கிராபைட் அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். ஸ்டீல் அந்த அளவுக்கு உள்வாங்காது.

இனி அளவு. நம் ஊரில் லேத்தை நாலரை அடி, ஆறடி என்று பெட் நீளத்தை வைத்துச் சொல்வார்கள். வீட்டு வேலைக்கு இது பெரிதாக உதவாத அளவு. முக்கியமானது சென்டர் உயரம், அதாவது சுழலும் அச்சின் நடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. அதிலும் ஒரு குழப்பம்: பிரிட்டிஷ் வழக்கத்தில் பெட்டிலிருந்து சென்டர் வரையிலான உயரத்தைச் சொல்வார்கள், அமெரிக்கர்கள் சுழலக்கூடிய முழு விட்டத்தைச் சொல்வார்கள். மூன்றரை அங்குல மைஃபோர்டு எம்.எல்.7 என்கிற பிரிட்டிஷ் லேத்தும், 'ஏழு அங்குலம்' என்று விற்கிற சீன மினி லேத்தும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். கிராஸ் ஸ்லைடுக்கு மேலே சுழலும் விட்டம் இதைவிட நன்றாகக் குறையும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்பிண்டில் துளை. அது பெரிதாக இருந்தால் நீளக் கம்பியை வெட்டாமல் உள்ளே விட்டு, முனையை மட்டும் வெளியே எடுத்து வேலை செய்யலாம். வீட்டில் இடம் மிச்சமாகும், கம்பியும் மிச்சமாகும்.

பெங்களூர் எச்.எம்.டி, ஹரிஹர் மைசூர் கிர்லோஸ்கர், கோவை பி.எஸ்.ஜி என்று பழைய மெஷின் ஏதாவது கண்ணில் பட்டால், பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கேரேஜைச் சக் பக்கம் கொண்டுபோய், ஆட்டமில்லாமல் ஜிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையை) இறுக்குங்கள். பிறகு டெயில்ஸ்டாக் பக்கம், அதாவது ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் பகுதி இருக்கும் பக்கம், நகர்த்துங்கள். போகப்போக இறுகினால், சக் அருகே பெட் தேய்ந்திருக்கிறது. நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் இண்டிகேட்டரின் முனையைச் சக் மேல் வைத்து, அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். முள் தாராளமாக ஆடினால் பேரிங் வேலை இருக்கிறது. பேரிங்கை மாற்றிவிடலாம். பெட் கிரைண்டிங் செலவு மிக்கது, அதைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

மின்சாரமும் யோசிக்க வேண்டியதே. இந்த மெஷின்களில் பெரும்பாலும் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டார்தான். வீட்டில் ஒரு ஃபேஸ் மட்டும் இருந்தால், அதை மூன்று ஃபேஸாக மாற்றித் தரும் வி.எஃப்.டி டிரைவ் போடலாம். ஆனால் 230 வோல்ட்டில் ஓட, ஸ்டார் முறையில் இருக்கும் சின்ன மோட்டாரின் சுருள் இணைப்பை டெல்டா முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். விவரம் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக நான் வாங்கியது நாலரை அடி லேத். அதே விலையில் மெல்லிய பெட் வைத்த ஆறடி ஒன்றும் கிடைத்தது, வேண்டாம் என்றேன். குழாய் உருளைகளும் கடப்பாரையும் வைத்து நாலு பேர் சேர்ந்து உள்ளே தள்ளினோம். கனமான பெட்டும் தரை கோணினால் முறுகும் என்பது அப்புறம் தெரிந்தது. 40 மி.மீ கம்பியை டெயில்ஸ்டாக் இல்லாமல் 120 மி.மீ நீட்டிப் பிடித்து, இரு முனைகளிலும் வளையம்போல லேசாகக் கடைந்து, மைக்ரோமீட்டரால் அளந்தேன். வெளி முனை 0.05 மி.மீ தடிப்பு. டெயில்ஸ்டாக் பக்கத்து முன்கால் போல்ட்டைக் கால் சுற்று உயர்த்தினால் பெட் பின்னால் சாய்ந்து டூல் ஜாப்பை நெருங்கும். மூன்று தடவை அப்படிச் செய்தபின் இரண்டு வளையமும் ஒன்றாக வந்தன. ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்தபோது 0.02 மி.மீ நகர்ந்திருந்தது. தரை படிந்திருக்கிறது. மறுபடி ஸ்பேனரை எடுத்தேன்.