வயலினும் காதைக் கெடுக்கும்

இந்த வாரமும் ஒருவர் காது பரிசோதனைக்கு வந்தார். சிறு வயதிலிருந்து வயலின் வாசிப்பவர். "நாலு பேர் சேர்ந்து பேசினால்தான் புரியவில்லை, மற்றபடி காது நன்றாக இருக்கிறது" என்றார். ஆடியோகிராம், அதாவது எந்த ஸ்தாயி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுத்தோம். வலது காது பரவாயில்லை. இடது காதில் கோடு நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்து, 8000-இல் கொஞ்சம் ஏறி நின்றது. அதிக சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். விஷயத்தைச் சொன்னதும், "நான் என்ன ராக் பேண்டிலா வாசிக்கிறேன்?" என்று கேட்டார்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ராக், மெட்டல், டிஜே என்றால் கேடு, செவ்வியல் இசை என்றால் காதுக்கு மருந்து என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். உள்காதில் ஒலியை உணரும் மயிரிழை செல்களுக்கு ராகமும் தெரியாது, ராக்கும் தெரியாது. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், இந்தக் கணக்கு மட்டும்தான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபல், 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபலுக்கு 1 மணி நேரம். 100-க்கு 15 நிமிடம். வயலின் இருப்பதோ இடது காதுக்கு ஒரு சாண் தூரத்தில். ஓங்கி வாசித்தால் அங்கே 90 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். தினமும் மணிக்கணக்கில் சாதகம் செய்பவர்கள் நீங்களே கணக்குப் போடுங்கள். புல்லாங்குழல் என்றால் வலது காது. டிரம்ஸ் என்றால் ஹை-ஹாட் எனும் ஜோடித் தட்டு இருக்கும் பக்கம். டிரம்பெட் வாசிப்பவரைவிட அவருக்கு முன்னால் உட்காருபவர்தான் பாவம்.

நம்பாதவர்களுக்கு ஒரு வழக்கு. 2012-இல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் வாக்னர் என்ற இசையமைப்பாளரின் ஓபரா ஒத்திகை. பித்தளைக் கருவிகளுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்த வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி) கலைஞருக்குக் காது கெட்டு, கடைசியில் தொழிலே போனது. இது இயந்திர இரைச்சல் அல்ல, இசைதான் எங்கள் படைப்பே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. தொழிற்சாலைக்கு உள்ள விதிதான் இங்கேயும் என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. 2019-இல் மேல்முறையீட்டிலும் கலைஞர் பக்கமே நின்றது.

அப்புறம், "காது பழகிவிட்டது" என்பவர்கள். முன்பு உறுத்திய சத்தம் இப்போது உறுத்தவில்லையா? முதலில் காதைப் பரிசோதியுங்கள். செத்த மயிரிழை செல் மனிதர்களுக்குத் திரும்ப முளைக்காது.

பஞ்சை வைத்து அடைப்பதை விடுங்கள், அதனால் பயனில்லை. சாதாரண நுரை இயர்பிளக் மேல் ஸ்தாயியை அதிகமாக வெட்டும். நாதம் மழுங்குகிறது என்று கழற்றி எறிகிறீர்கள், சரி, புரிகிறது. அதற்காகத்தான் இசைக்கலைஞர்களுக்கென்றே இயர்பிளக் இருக்கிறது. எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். காதுக்கு அளவெடுத்தே செய்துகொள்ளலாம். மேடையில் இசையைக் கேட்கக் காதில் செருகும் இயர் மானிட்டரை ஒரு காதில் மட்டும் போடாதீர்கள். கேட்கவில்லை என்று அந்த ஒரு காதிலேயே ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். தனியாகப் பயிற்சி செய்யும்போது வயலினுக்கு ஒலியைக் குறைக்கும் மியூட், டிரம்ஸுக்குச் சத்தம் குறைந்த பயிற்சிப் பேட். ஆசிரியர்களே, சின்ன அறையில் பத்துப் பிள்ளைகளை ஒன்றாக வாசிக்கவிடாதீர்கள், தயவுசெய்து.

கச்சேரி முடிந்து காது இரைந்தால் மறுநாள் வாத்தியத்தைத் தொடாமல் காதுக்கு ஓய்வு கொடுங்கள். ஒரே சுரம் இரண்டு காதிலும் வெவ்வேறு சுருதியில் கேட்டால் டியூனரைக் குறை சொல்லாமல் பரிசோதனைக்கு வாருங்கள். திடீரென ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால், அழுக்காக இருக்கும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதற்கான சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம். ஒரு மாதம் கழித்து வந்தால் மருத்துவரால் செய்ய முடிந்தது மிகக் குறைவு.